எல்லை அவ்வப்போது அமைகிறபடி

1

போன மாதம் பாஸ்போர்ட் வேலையாக லண்டனில் இந்திய ஹைகமிஷனுக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் வட இந்தியாவில் எங்கேயோ பிறந்தவர். பிறந்த மாநிலம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைப் பேனாவால் தட்டிக் காட்டி, "திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரு மாநிலம் இப்போது இல்லையே, அம்மா" என்றார். அதை அடித்துவிட்டு வெறும் திருவிதாங்கூர் என்று எழுதினேன். அது அதற்கு முன்பே போய்விட்டது என்றார். "கேரளம் என்று போட்டுவிடட்டுமா?" என்று அவரே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "என் அண்ணன் காதில் விழுந்தால் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையை எடுத்துக்கொண்டார். கடைசியில் சென்னை மாநிலம், கன்னியாகுமரி மாவட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. சிரிக்கச் சந்தர்ப்பம் குறைவு. மகள் லீலா சிரிக்கவில்லை. அவள் இங்கேயே பிறந்தவள், ஏழு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். "அப்படியென்றால் நீ எந்த ஊர், மம்மி? ஒன்றைச் சொல்" என்றாள்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறேன், லீலாவையும் கூட்டிக்கொண்டு. என் டிக்கெட்டை நான் வேலை பார்க்கிற கம்பெனி எடுத்துத் தருகிறது. கேட்கிறவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கோ அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

பனியைப் பற்றியும் நிலக்கரி அடுப்பைப் பற்றியும் இந்தப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். வேலையைப் பற்றி எழுதியதில்லை. எழுதினால் யாருக்கு விளங்கும் என்று ஒரு அலட்சியம்.

வட இங்கிலாந்தில், புகை பிடித்த ஒரு ஊரில், இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் உரிமப் பிரிவில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். காலையில் லீலாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, மாடி பஸ் ஏறி, ஈரக் கோட்டோடு போய் உட்கார்ந்தால் மாலை வரை ஒப்பந்தங்கள். எங்கள் பிரிவு எதையும் செய்வதில்லை. செய்யும் வழியைத்தான் விற்கிறது.

ஒரு கம்பெனி புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தால் அதற்குப் பேட்டண்ட் வாங்கிக்கொள்ளும். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; பதிலுக்கு, இத்தனை வருஷத்துக்கு இவனைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்யக்கூடாது என்று சர்க்கார் காவல் நிற்கும். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், செய்யத்தான் கூடாது. செய்ய வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் வாங்கினால் படங்கள் வரும், சொல்லித்தர இஞ்சினீயர் வருவார், எண்ணெய் எவ்வளவு சூடாக வேண்டும் என்பதுபோல எந்தப் புத்தகத்திலும் இல்லாத சங்கதிகள் எல்லாம் வரும். இதற்கு ராயல்டி என்று வருஷாவருஷம் பணம்.

பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பது மாதிரிதான் என்று ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் தெளிந்துவிட்டது. இங்கே உறைமோர் கொடுக்கிறவள் முதலில் ஒரு தாளை நீட்டுவாள். இந்தத் தெருவுக்குள் மட்டும்தான் நீ தயிர் விற்கலாம். உன் தயிர் என்னுடையதைவிடக் கட்டியாக வந்தால், எப்படி என்று எனக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னதை நான் அடுத்த தெருக்காரிக்கும் சொல்லுவேன். இவ்வளவுக்கும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கரண்டியை எடுப்பாள்.

3

எங்கள் ஊர் சிதறால் மலைக்குக் கீழே. என் அண்ணன் செல்லத்துரைக்கு அங்கே ஒரு அண்டியாபீஸ் இருக்கிறது. கிழக்கே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. அதை வறுத்து, உடைத்து, பருப்பெடுத்துக் கப்பலேற்றுகிற தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று பெயர். அங்கே வேலைக்குப் போகிற பெண்களை உள்ளங்கையை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுத் தோல் கறுத்து உரிந்திருக்கும்.

நான் கப்பலேறுவதற்கு முந்தைய வாரம் அண்ணனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அப்போது திறந்த சட்டியில் போட்டு வறுப்பார்கள். எண்ணெய் தீப்பற்றி, கொட்டகை முழுக்கக் காரமான புகை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"ஏட்டி, அழுகேன்னு நெனச்சிராத, பொகையாக்கும்" என்றான்.

"நீ எதுக்கு அழப்போற? சனியன் ஒழிஞ்சுதுன்னு சந்தோசப்படுவ."

"செரி, போற எடத்துல சும்மா இருக்காண்டாம். இந்தப் பொகை இல்லாம அண்டி வறுக்கதுக்கு வெள்ளக்காரன் என்னமோ மெஷின் வச்சிருக்கானாம். எங்கண்ணு விசாரிச்சு எழுது, கேட்டியா?"

விசாரித்தேன். மெஷினுக்குச் சொந்தக்காரர்கள் நாங்கள் குடிவந்த ஊரிலேயே இருந்தார்கள். சேலையைச் சுற்றிக்கொண்டு, மழையில் நனைந்து, நானே அந்தக் கட்டடத்துக்குள் போனேன். உரிமப் பிரிவின் தலைவர் விட்லோ துரை. உயரமான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். கொதிக்கும் தோட்டெண்ணெய்த் தொட்டிக்குள் சங்கிலிப் பட்டை கொட்டைகளை இழுத்துக்கொண்டு போகும், தோட்டில் உள்ள எண்ணெயும் அதிலேயே கசிந்து சேரும், அதைத் தனியாக விற்கலாம் என்று படம் போட்டுக் காட்டினார். அந்த எண்ணெய்க்குப் பெயிண்ட் கம்பெனிகள் காத்திருக்கின்றனவாம்.

திருவிதாங்கூர் அப்போது தனி ராஜ்யம். பேட்டண்டும் அங்கே தனியாகப் பதிந்தது. அதனால் சென்னை மாகாணத்துக்கு ஒருவர், திருவிதாங்கூருக்கு ஒருவர் என்று உரிமம் பிரித்துக் கொடுத்தார்கள். சென்னை உரிமம் ஏற்கெனவே ஒரு பெரிய முதலாளிக்குப் போயிருந்தது. திருவிதாங்கூர் அண்ணனுக்கு. தொட்டி மட்டும் கம்பெனியின் சொத்தாகவே இருக்கும், வாடகைக்குத் தருவார்கள்.

ஒப்பந்தத்தின் நகல் போனதும் அண்ணனிடமிருந்து ஒரே ஒரு திருத்தம் வந்தது. 'திருவிதாங்கூர்' என்று மட்டும் இருந்தால் போதாது, 'அந்த ராஜ்யத்தின் எல்லை அவ்வப்போது எப்படி அமைகிறதோ அப்படி' என்று சேர்க்க வேண்டுமாம். கொச்சியோடு சேர்ப்பு வரப்போகிறது என்று அவன் காதில் விழுந்திருந்தது. சேர்ந்தால் கொச்சியும் கைக்கு வந்துவிடும், சல்லிக்காசு செலவில்லாமல்! விட்லோ வாசித்துவிட்டு, "உன் அண்ணன் வக்கீலா?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்; சென்னை உரிமத்திலும் அதே வரியைச் சேர்த்தார்கள்.

மறு வருஷமே திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. கொச்சி வியாபாரிகள் வயிறெரிந்தார்கள். அண்ணன் எனக்கு எழுதினான்: "பாத்தியா மக்கா, ஒரு வரியில ஒரு ராஜ்யத்தப் பிடிச்சாச்சு." அந்தக் கடிதத்தை நான் ஆபீசில் எல்லாருக்கும் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவ்வளவு பெருமை. அதற்குள் எனக்கும் அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைத்திருந்தது.

4

தொட்டி வந்து இரண்டாவது ஆனியில், கொட்டகை ஓடு பறந்து கொட்டை மூட்டைகள் நனைந்துவிட்டன. காயவைக்க வெயில் இல்லை. அண்ணன் பதற்றமும் வெப்ராளமுமாக நனைந்த கொட்டைகளைச் சாக்கு போட்டு மூடி வைத்தான். நாலைந்து நாள் கழித்து, போனால் போகட்டும் என்று தொட்டியில் விட்டால் எண்ணெய் முன்பைவிட அதிகமாகக் கசிந்தது, பருப்பும் கருகாமல் முழுசாக வந்தது. பிறகு வேண்டுமென்றே நனைக்க ஆரம்பித்தான். சிமெண்டில் குழி கட்டி, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் மூட்டம் என்று ஒரு வருஷம் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஈரக்குழி என்று பெயரும் வைத்தான்.

பிறகு பெருமை தாங்காமல் கம்பெனிக்கு எழுதிவிட்டான். எழுதாமல் இருக்கவும் முடியாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது. விட்லோ அருமை அருமை என்று பாராட்டிப் பதில் எழுதச் சொன்னார். டைப் செய்து அனுப்பினேன். அதே வாரம் ஈரக்குழியின் படம் எங்கள் ஆபீசில் சுத்தமாக வரையப்பட்டுச் சென்னை உரிமக்காரருக்கும் போயிற்று. அடியில் அண்ணன் பெயர் இல்லை, கம்பெனியின் முத்திரைதான் இருந்தது.

அன்று மாலையே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஒப்பந்தத்துல உள்ளதுதானே? அவனுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் ஒப்பு போட்டான்" என்றார்.

"தெரியும். ஆனா அண்ணன் இது எல்லாரும் சேந்து செய்யுத காரியம்ணு நெனச்சிட்டு இருக்கான்."

"நீ என்ன நெனக்க?"

நான் லீலாவுக்கு ரொட்டி வெட்டப் போனேன்.

5

தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நம் பக்கத்தில் நடந்த போராட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அதற்குள் இருந்தீர்கள். நான் இங்கே இருந்தேன். ஐம்பத்துநாலில் துப்பாக்கிச் சூடு நடந்த செய்தி, இந்த ஊர்ப் பேப்பரில் நாய்க் கண்காட்சிச் செய்திக்குக் கீழே நாலு வரி வந்திருந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் கம்பெனிகளுக்கு வணக்கம் சொல்லிக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன்.

போராட்டத்தில் பிடிபட்டிருந்த அண்ணன் சிறையிலிருந்து வெளியே வந்ததும் எழுதினான். போலீஸ் அடித்ததில் இடது கை முட்டி மடங்குவதில்லையாம். "வெடி சத்தம் கேட்டப்போ நம்ம அண்டியாபீஸ் பொம்பளைகள் ஒருத்தியும் ஓடல்ல பாத்துக்கோ. நம்ம மண்ணு நமக்கு வந்து சேரும், மக்கா. நீ வரும்போ தமிழ்நாட்டுல வந்து எறங்குவ."

இந்த வருஷம் மாசியில், பிரிவினை எல்லை ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று செய்தி வந்தது. நம் நாலு தாலுகாவும் சென்னைக்கு. லீலாவைத் தூக்கிச் சுற்றினேன். அவள் "என்ன விடுமுறையா?" என்று கேட்டாள். மறுநாள் ஆபீசில் வேறு ஏதோ கோப்பைத் தேடும்போது அண்ணனுடைய ஒப்பந்தம் கையில் பட்டது. எல்லை அவ்வப்போது எப்படி அமைகிறதோ அப்படி. அந்த வரியை மறுபடியும் மறுபடியும் வாசித்தேன்.

வாசிக்கிறவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எல்லை மாறினால் அண்ணனுடைய உரிமமும் அதோடு மாறும். கேரளம் என்று உருவாகப் போகிற மாநிலம் முழுக்க அவனுக்கு, மலபாரும் சேர்ந்து. சொந்த அண்டியாபீஸ் நிற்கிற மண் மட்டும் சென்னை முதலாளிக்கு! கம்பெனி சொல்லிக்கொடுத்த அண்ணனின் ஈரக்குழி வழியும் அந்த முதலாளி கையில். அடி வாங்கி, சிறைக்குப் போய், எல்லையை இழுத்துத் தன் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கமாக அவனே வைத்துவிட்டான்.

விட்லோவிடம் போனேன். "கொச்சியை இனாமாகக் கொடுத்தீர்களே, இதையும் விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கொச்சியை நாங்கள் கொடுக்கவில்லை. அந்த வரி கொடுத்தது. இதையும் அந்த வரிதான் எடுக்கிறது" என்றார். கோபமே இல்லாமல், டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டே சொன்னார். சென்னைக்காரரின் உரிமத்தில் அவரைத் தவிர இன்னொருவர் அங்கே இருக்கக் கூடாது என்று இருக்கிறதாம்.

அன்றே அண்ணனுக்கு எழுதினேன். ஆபீஸ் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்தவள்தான். அவனும் அதே தாளில் கையெழுத்துப் போட்டவன், அவனுக்குத் தெரியாத எதை நான் சொன்னேன்? ஒரே ஒரு வழி இருந்தது. பாறசாலை கேரளத்தில் இருக்கப் போகிறது, நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்துவிடு என்று கெஞ்சினேன்.

பதில் உடனே வந்தது. "நீ என்ன பறயுத? இந்தப் பக்கம் வரணும்ணு கை ஒடிஞ்சு கெடந்தவன், மெஷினத் தூக்கிட்டு அந்தப் பக்கம் ஓடணுமா? பொம்பளைகளுக்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்? ஈரக்குழி எனக்க மூளையாக்கும். அத எவன் நிறுத்துவான்ணு பாப்போம்."

6

நவம்பர் ஒன்றாம் தேதி இங்கே மூடுபனி. எதிரே வருகிற பஸ் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோயிருந்த கொஞ்சம் பாயசத்தை ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். எங்கள் ஊர் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்றேன். விட்லோவும் ஒரு கரண்டி சாப்பிட்டார். வடசேரியில் அன்று வெடியும் கொட்டுமாக இருந்திருக்கும். சிதறால் அடிவாரத்தில் தொட்டி கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பத்து நாளில் சென்னைக்காரரின் தந்தி வந்தது. அவர் எல்லைக்குள் இன்னொருவர் தொட்டி ஓட்டுகிறார், உடனே நிறுத்தாவிட்டால் ராயல்டியை நிறுத்துவோம் என்று. கம்பெனி அண்ணனுக்கு இரண்டு முறை எழுதியது, அவன் பதில் போடவில்லை.

பிறகு ஒருநாள் விட்லோ என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தொட்டி கம்பெனியின் சொத்து. அதை நிறுத்தி முத்திரை வைத்துவிட்டு வர ஒரு இஞ்சினீயரை அனுப்பப் போகிறார்கள். அங்கே உள்ளவர்களோடு பேச, தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் கூட வேண்டும்.

"நீ வீட்டுக்குப் போய் எத்தனை காலமாயிற்று!" என்றார். "குழந்தைக்கும் காட்டின மாதிரி இருக்கும். நீ பேசினால் உன் அண்ணன் கேட்பார். நீ போகாவிட்டால் நாங்கள் சென்னைக்காரருடைய வக்கீலைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அவர்கள் போலீசோடுதான் போவார்கள்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மடங்காத அந்தக் கைதான் கண்முன் வந்தது. சரி என்றேன். அண்ணனோடு நேரில் சண்டை போட்டாவது தொட்டியைப் பாறசாலைக்கு ஏற்றிவிடலாம், முத்திரைக்கு வேலை வராது என்று ஒரு நப்பாசை. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "பேச்சு முழுக்க ஒனக்க வாயில இருந்துதான் வரும். துரை சொன்னதுண்ணு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எங்களுக்குள் கல்யாணமான பிறகு நடந்த பெரிய சண்டை அது.

லீலாவுக்குக் கொண்டாட்டம். மாமா வீட்டில் யானை உண்டா என்கிறாள். மாமாவோடு பேசத் தமிழ் கற்றுக்கொள்கிறாளாம். "மாமா, சோறு தா" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறாள். இத்தனை வருஷமாக என் கண்ணீருக்கும் வராத தமிழ் இந்தப் பயணத்துக்கு வருகிறது.

7

சூயஸ் கால்வாய் அடைத்துக் கிடக்கிறது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகும். வழக்கத்தைவிட அதிக நாள் ஆகும் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஏறுகிறோம்.

நேற்று அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நான் வருவதை அவனுக்கு இன்னும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தாளை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவன் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

"மக்கா, கம்பெனிக்காரன் சீல் வைக்க ஆளு அனுப்புகானாம். வரட்டும். பொம்பளைகள் எல்லாரும் தொட்டியச் சுத்தி இருக்கதுண்ணு முடிவு செய்தாச்சு. வெடிக்கு ஓடாதவங்க சீலுக்கா ஓடுவாங்க? ஆனா ஒரு காரியம் கேட்டேன், நெஞ்சு பதறிப் போச்சு. துரைக்குப் பேச்சு சொல்லிக்குடுக்க ஒரு தமிழாளும் கூட வருதாம். நம்ம சோத்தத் தின்னுட்டு இதுக்கு எறங்குனவன் எவன்? நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க. ஆரு எவருண்ணு விசாரிச்சு எழுது. அவன் கேட்டுக்கு உள்ள கால் வைக்கப்பிடாது."

இதற்குக் கடிதத்தில் பதில் எழுத என்னால் முடியவில்லை. இந்தப் பத்திரிகை வாராவாரம் அண்டியாபீசுக்கு வருகிறது. பருப்பு உடைக்கும்போது யாராவது ஒருத்தி உரக்க வாசிப்பாள், அண்ணன் வாசலில் நின்று கேட்பான். நான் எழுதினது வந்தால் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்வானாம். இந்தக் குறிப்பு வான்தபாலில் போகிறது. கப்பலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். இதை அச்சில் சொன்னதற்கு என் வேலை போகும். போகட்டும்.

அந்த ஆளு நான்தான் அண்ணா. லீலாவும் கூட வாறா. கேட்ட அடைக்கதுண்ணா எனக்கு அடைச்சுக்க. பிள்ளைய மட்டும் உள்ள விடு.